சிலேட்டா? கம்ப்யூட்டரா?

'டேப்லெட்' எப்படி இருக்க வேண்டும்? ஓயாத ஒரு வழக்கு

(நமது நிருபர்)

பெங்களூர் எஸ்.பி. ரோடு. சனிக்கிழமை மாலை. ஒயரும், சார்ஜரும், பழைய கம்ப்யூட்டர்களும் மலைபோல் குவிந்து கிடக்கும் அந்தத் தெருவில் கூட்டம் நெரிகிறது.

ஒரு கடை வாசலில் அப்பாவும் மகளும் நிற்கிறார்கள். அப்பாவுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பீனியாவில் லேத் பட்டறையில் வேலை. மகள் பி.காம். முதல் ஆண்டு. அப்பாவின் சட்டைப் பையில் போனஸ் பணம் 20 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. அதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

"டேப்லெட் எடுத்துக்குங்கண்ணே. கைக்கு அடக்கமா இருக்கும். ஒரு வாட்டி சார்ஜ் போட்டா நாள் பூரா ஓடும். பாப்பாவுக்குப் படிக்க இது போதும்" என்கிறார் கடைக்காரர். அவரும் வேலூர்ப் பக்கத்து இளைஞர்தான்.

"கம்ப்யூட்டர்ல செய்யுறதெல்லாம் இதுலயும் செய்யலாமா தம்பி?"

கடைக்காரர் சற்றுத் தயங்குகிறார். "செய்யலாம்ணே... ஆனா எல்லாத்தையும் செய்ய முடியாது."

அப்பா மகளைப் பார்க்கிறார். மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் டேப்லெட்டைப் பார்க்கிறாள்.

'செய்யலாம், ஆனால் முடியாது' என்ற அந்தக் கடைக்காரரின் பதிலுக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் 25 ஆண்டுகளாக வாதாடி இன்னும் தீர்ப்பு வராத வழக்கு அது.

டேப்லெட் என்பது முழுக் கம்ப்யூட்டரைப்போல் எல்லா வேலையும் செய்ய வேண்டுமா? அல்லது சில வேலைகளை மட்டும் சுலபமாகச் செய்யும் எளிய கருவியாக இருந்தால் போதுமா?

இரண்டு கட்சிகள்

முதல் கட்சி சொல்வது இது: டேப்லெட்டுக்கு உள்ளேயும் சிப் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, திரை இருக்கிறது. ஆகவே அதுவும் கம்ப்யூட்டர்தான். வேண்டிய புரோகிராமைப் போட்டுக்கொள்ளவும், நாலு வேலையை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்ளவும், பைல்களைப் பிரித்து அடுக்கவும், பிரிண்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் மாட்டவும் வழி இருக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கியவனுக்கு எதற்குக் கட்டுப்பாடு?

இரண்டாவது கட்சி சொல்வது வேறு: கம்ப்யூட்டர் சாதாரண மனிதனைப் பல ஆண்டுகள் பாடுபடுத்திவிட்டது. வைரஸ் வந்தது. பைல் காணாமல் போனது. திரையில் புரியாத எச்சரிக்கைகள் வந்து பயமுறுத்தின. இந்தத் தொல்லை எல்லாம் இல்லாமல், பள்ளிக்கூடத்துச் சிலேட்டைப்போல் எடுத்தவுடன் எழுதக்கூடிய கருவிதான் மக்களுக்குத் தேவை. சில வேலைகள் அதில் முடியாமல் போனால் போகட்டும்.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வழக்கு முடியவில்லை.

1972-ல் போட்ட படம்

டேப்லெட் பற்றிய கனவு இன்று நேற்று வந்தது அல்ல. 1972-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஆலன் கே என்ற விஞ்ஞானி இதைத் தாளில் வரைந்து காட்டினார். அதற்கு 'டைனாபுக்' என்று பெயர் வைத்தார். நோட்டுப் புத்தகத்தின் அளவு, 2 கிலோவுக்கும் குறைந்த எடை, 500 டாலர் விலை என்று கணக்கும் போட்டார்.

அந்த நாளில் கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய அறையில் வைத்துப் பூட்டும் பொருள். அப்போது அவர் யாருக்காக அந்தப் படத்தைப் போட்டார் தெரியுமா? குழந்தைகளுக்காக!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழந்தைகள் அதில் பாடம் படிப்பதோடு நிற்கக் கூடாது, தாங்களே புரோகிராம் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதாவது டேப்லெட்டின் முதல் கனவே முழுக் கம்ப்யூட்டர் கனவுதான். டைனாபுக் கடைக்கு வரவில்லை. அதைச் செய்யும் அளவுக்கு அன்று சிப்பும் திரையும் வளரவில்லை.

பேனாவுடன் வந்தது

30 ஆண்டுகள் கழித்து, 2002 நவம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனி 'டேப்லெட் பி.சி.' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பில் கேட்ஸ் மிகவும் நம்பிக்கை வைத்திருந்த திட்டம் இது. வழக்கமான விண்டோஸ் எக்ஸ்.பி. முழுவதும் அதில் ஓடியது. மவுஸுக்குப் பதிலாக ஒரு பேனா. திரைமேல் எழுதலாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விண்டோஸ் மவுஸுக்காகச் செய்யப்பட்டது. மவுஸின் அம்பு முனை ஊசிமுனை போன்றது. சின்னஞ்சிறு பொத்தானைக்கூட அது சரியாகத் தொடும். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னப் பொத்தான்களைக் குறிபார்த்துக் குத்துவது பெரும்பாடாக இருந்தது. எடையும் அதிகம், விலையும் அதிகம். சில ஆஸ்பத்திரிகளிலும், கிடங்குகளிலும், கல்லூரிகளிலும் அது புழங்கியது. வீட்டுக்குள் வரவில்லை.

முழுக் கம்ப்யூட்டர் கட்சிக்கு இது முதல் அடி.

எளிமை ஜெயித்தது

2010 ஜனவரி 27-ந் தேதி ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 'ஐபேட்' என்ற டேப்லெட்டை மேடையில் காட்டினார். விலை 499 டாலரில் தொடங்கியது. கம்ப்யூட்டரைச் சுருக்கி அதைச் செய்யவில்லை. ஐபோனைப் பெரிதாக்கிச் செய்தார்கள்.

பலர் சிரித்தார்கள். "இது பெரிய போன். இதில் என்ன வேலை செய்ய முடியும்?" என்று கேட்டார்கள். கேலிக்கும் காரணம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் திரையில் ஓடும். பைல் அடுக்கும் வசதி கிடையாது. யு.எஸ்.பி. பொருத்தும் துளை கிடையாது. மவுஸ் கிடையாது.

ஆனால் ஜனங்கள் வாங்கினார்கள். ஏப்ரல் 3-ந் தேதி விற்பனைக்கு வந்து 28 நாளில் 10 லட்சம் ஐபேட் விற்றுத் தீர்ந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு மாநாட்டில் ஜாப்ஸ் ஓர் உவமை சொன்னார். ஒரு காலத்தில் அமெரிக்கா விவசாய நாடாக இருந்தபோது வண்டி என்றாலே லாரிதான். நகரங்கள் வளர்ந்தபோது மக்களுக்குக் கார் போதும் என்று ஆயிற்று. கம்ப்யூட்டர் இனி லாரியைப் போன்றது; அது இருக்கும், ஆனால் சிலருக்குத்தான் தேவைப்படும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எளிமைக்கு என்ன காரணம்?

ஐபேட்டில் வைத்த கட்டுப்பாடுகளைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

கம்ப்யூட்டரில் நாம் திறந்து வைத்த புரோகிராம் எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மின்சாரம் செலவாகும். சூடு உண்டாகும். சூட்டைத் தணிக்க மின்விசிறி வேண்டும். டேப்லெட்டில் திரையை விட்டு மறைந்த செயலியை உறங்க வைத்துவிடுவார்கள். அதனால்தான் விசிறி இல்லாமலே, மெல்லிய பேட்டரியிலேயே அது 10 மணி நேரம் ஓடியது.

இரண்டாவது, பாதுகாப்பு. கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் மற்றொன்றின் பைலைத் தொட முடியும். வைரஸுக்கு அதுதான் வாசல். டேப்லெட்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை. சுவர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஒரு செயலி அடுத்த அறைக்குள் போக வேண்டும் என்றால் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும்.

மூன்றாவது, விரல். மனிதனின் விரல் நுனி மவுஸ் அம்பைப்போல் கூர்மையானது அல்ல. அதற்குப் பெரிய பொத்தான் வேண்டும். பொத்தான் பெரிதானால் திரையில் வைக்கும் வசதிகளின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் எளிமை தானே வரும்.

ஆக, எளிமை என்பது சும்மா வந்தது அல்ல. பேட்டரி, பாதுகாப்பு, விரல் மூன்றுக்கும் கொடுத்த விலைதான் அது.

90 கோடி டாலர் பாடம்

ஐபேட்டின் வெற்றியைப் பார்த்த மைக்ரோசாப்ட், 2012 அக்டோபர் 26-ந் தேதி 'விண்டோஸ் 8'-ஐயும் 'சர்பேஸ்' டேப்லெட்டையும் ஒன்றாக வெளியிட்டது. ஒரே கருவி, விரலுக்கு ஒரு முகம், மவுஸுக்கு ஒரு முகம்.

அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ஆப்பிளின் அடுத்த தலைவர் டிம் குக் இந்த யோசனையைக் கிண்டல் செய்திருந்தார். ரொட்டி வாட்டும் அடுப்பையும் குளிர்பதனப் பெட்டியையும் ஒன்றாகச் சேர்க்கலாம், ஆனால் வாங்குபவருக்கு அது பிடிக்குமா என்று கேட்டார்.

முதலில் வந்த 'சர்பேஸ் ஆர்.டி.' என்ற ரகத்தில் ஒரு வேடிக்கை. பார்ப்பதற்கு விண்டோஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அதன் சிப் வேறு வகை என்பதால், ஜனங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் விண்டோஸ் புரோகிராம்கள் அதில் ஓடாது. முழுக் கம்ப்யூட்டரும் இல்லை, எளிய கருவியும் இல்லை. மதில்மேல் பூனை! 2013 ஜூலையில் அந்தச் சரக்குக்காக 90 கோடி டாலர் நஷ்டத்தை மைக்ரோசாப்ட் கணக்கில் எழுதியது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2013 பிப்ரவரியில் வந்த 'சர்பேஸ் புரோ' என்ற மற்றொரு ரகம் முழு விண்டோஸை ஓட்டியது. ஆண்டுக்கு ஆண்டு அதைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். கீபோர்டுடன் சேர்த்து வாங்கி, அலுவலக வேலை முழுவதையும் அதில் செய்பவர்கள் இன்று இருக்கிறார்கள்.

பெங்களூரில் பிறந்த 'சிம்ப்யூட்டர்'

இந்த வழக்கில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஐபேட் வருவதற்கு 9 ஆண்டுகள் முன்பே, 2001-ம் ஆண்டில், கையடக்கமான ஒரு கம்ப்யூட்டரின் மாதிரியைப் பெங்களூரில் செய்து காட்டினார்கள். இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களும், என்கோர் என்ற உள்ளூர்க் கம்பெனியின் என்ஜினீயர்களும் சேர்ந்து செய்தது அது. பெயர் 'சிம்ப்யூட்டர்'. எளிய கம்ப்யூட்டர் என்ற பொருளில் வைத்த பெயர்.

எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மக்களும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். திரையைப் பேனாவால் தொடலாம். இந்திய மொழியில் எழுதியதை அது வாய்விட்டுப் படிக்கும். ஊருக்கு ஒரு கருவி வாங்கினால் போதும். ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு வைத்துக்கொண்டு, அதைச் செருகித் தங்கள் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒன்று வாங்க வசதி இல்லாத நாட்டுக்கு ஏற்ற யோசனை!

2004-ல் ஜாலஹள்ளியில் இருக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 'அமிடா' என்ற பெயரில் அதைத் தயாரித்துக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆனால் விற்பனை எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. சில ஆயிரத்தோடு நின்றுவிட்டது. விலை 10 ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்குக் கிராமத்தான் அதில் செய்யக்கூடிய வேலை குறைவு. அதற்குள் செல்போன் மலிவாகிவிட்டது. பேசுவதற்கு உதவும் கருவிதான் ஏழைக்கு முதல் தேவை என்று தெரிந்தது.

கருவி எளிமையாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கொண்டு செய்யும் வேலை கைமேல் பலன் தர வேண்டும். சிம்ப்யூட்டர் சொல்லிச்சென்ற பாடம் இது.

'ஆகாஷ்' ஏன் பறக்கவில்லை?

அடுத்து மத்திய அரசின் 'ஆகாஷ்'. 2011 அக்டோபர் 5-ந் தேதி அன்றைய மந்திரி கபில் சிபல் தில்லியில் வெளியிட்டார். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பேசப்பட்டது. அரசுக்கு அடக்க விலை சுமார் 2,250 ரூபாய். மாணவர்களுக்கு அதிலும் குறைவு.

விலை குறைந்தது. தரமும் குறைந்தது. விரலால் மெல்லத் தொட்டால் நகராது, அழுத்த வேண்டும். ஒரு பக்கம் திறக்க வெகுநேரம் ஆகும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். 2012 நவம்பரில் வேகத்தைக் கூட்டி, நல்ல திரையுடன் 'ஆகாஷ் 2' வந்தது. ஆனாலும் திட்டம் நாடு முழுவதும் பரவவில்லை.

'எளிமை' என்ற சொல்லுக்கும் 'மட்டம்' என்ற சொல்லுக்கும் வித்தியாசம் உண்டு. ஏழைப் பிள்ளைக்குத்தானே என்று மட்டமானதைக் கொடுத்தால், அந்தப் பிள்ளை இரண்டே நாளில் மூலையில் வைத்துவிடும்.

டி.டி.இ. கையில்

எளிய கருவி ஜெயித்த இடமும் நம் நாட்டில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ரெயிலில் எல்லோரும் பார்ப்பதுதான்.

முன்பெல்லாம் டிக்கெட் பரிசோதகர் கையில் நீளமான சார்ட் தாளும், பேனாவும் இருக்கும். ஒரு பயணி வரவில்லை என்றால் பேனாவால் குறித்துக்கொள்வார். அந்தப் படுக்கை காலி என்பது அந்தத் தாளுக்கும் அவருக்கும்தான் தெரியும். ஆர்.ஏ.சி. பயணிகள் அவர் பின்னாலேயே பெட்டி பெட்டியாக நடப்பார்கள்.

இப்போது பல ரெயில்களில் பரிசோதகர் கையில் ஒரு சிறு டேப்லெட். சார்ட் முழுவதும் அதில் வந்துவிடும். ஆள் வரவில்லை என்று குறித்தால், அந்தச் செய்தி ரிசர்வேஷன் கம்ப்யூட்டருக்குப் போகிறது. வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் படுக்கை கிடைக்கிறது. காலி இருந்தால் அடுத்த ஸ்டேஷனில் டிக்கெட்டும் கொடுக்கலாம். யாரையும் கெஞ்ச வேண்டியது இல்லை.

இந்தக் கருவியில் கடிதம் எழுத வேண்டாம். கணக்குப் புரோகிராம் போட வேண்டாம். வந்தாரா, வரவில்லையா என்று தொட்டால் போதும். ஓடுகிற வண்டியில், நின்றுகொண்டே, ஒற்றைக் கையில் பிடித்துச் செய்யும் வேலைக்கு முழுக் கம்ப்யூட்டர் இடைஞ்சல்தான்.

2011-ல் தொடங்கிய சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பும் அப்படித்தான். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்து கொடுத்த சிறு டேப்லெட்டுகள் சுமார் 6.4 லட்சம் அதற்குத் தயாராயின. தாளில் எழுதாமல் வீடு வீடாகப் போய் அதிலேயே பதிந்தார்கள்.

இந்த இரண்டு உதாரணமும் ஒரு விதியைக் காட்டுகின்றன. செய்ய வேண்டிய வேலை இன்னதுதான் என்று முன்கூட்டியே தெரிந்தால் எளிய கருவி போதும்; அதுவே சிறந்தது. நாளைக்கு என்ன வேலை வரும் என்று தெரியாதவனுக்குத்தான் முழுக் கம்ப்யூட்டர் வேண்டும்.

சாவி யாரிடம்?

எளிய கருவியில் மறைந்திருக்கும் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். எளிமையாக வைப்பதற்காக வாசலில் ஒரு பூட்டுப் போடுகிறார்கள். அந்தப் பூட்டின் சாவி வாங்கியவரிடம் இருப்பது இல்லை.

ஐபேட்டில் பொதுவாக ஆப்பிள் கடையின் அனுமதி பெற்ற செயலியைத்தான் போட முடியும். 2010 ஏப்ரலில், குழந்தைகள் 'ஸ்க்ராட்ச்' மொழியில் எழுதிய புரோகிராம்களை ஓட்டிக் காட்டும் ஒரு செயலியை ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. வெளியிலிருந்து வரும் புரோகிராமை ஒரு செயலி தனக்குள் ஓட்டக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. குழந்தைகளே புரோகிராம் எழுத வேண்டும் என்று கனவு கண்டு 1972-ல் படம் போட்ட ஆலன் கேக்கு இது வருத்தம் தந்தது. பிற்பாடு விதியைத் தளர்த்தினார்கள்.

அரசாங்கம் கொடுக்கும் கருவியிலும் இந்தக் கேள்வி வருகிறது. அரியானாவில் 2022 மே மாதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டேப்லெட் கொடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கண்டதைப் பார்க்கக் கூடாது என்று கட்டுப்பாட்டு மென்பொருளும் போட்டுக் கொடுத்தார்கள். பெற்றோருக்கு அது நிம்மதி. ஆனால் துருவிப் பார்க்கும் பையனுக்கு அது சுவர். எந்த அளவுக்குப் பூட்டுவது என்பது லேசான கேள்வி அல்ல.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் கொடுத்தது மடிக்கணினி. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் மாணவர்கள் கைக்கு வந்தது மடிக்கணினிதான்.

நெருங்கி வருகிறார்கள்

இத்தனை ஆண்டு வாதாடிய இரண்டு கட்சியும் இப்போது ஒன்றை ஒன்று நெருங்கி வருகின்றன.

எளிமைதான் எல்லாம் என்று சொன்ன ஆப்பிள், 2015-ல் பெரிய ஐபேட்டும் அதற்குப் பேனாவும் கீபோர்டும் கொண்டுவந்தது. 2020-ல் மவுஸை முறையாக அனுமதித்தது. 2021-ல் தன் லேப்டாப்பில் இருக்கும் அதே 'எம்1' சிப்பை ஐபேட்டிலும் வைத்தது. 2025 செப்டம்பரில் வந்த 'ஐபேட் ஓ.எஸ். 26'-ல், கம்ப்யூட்டரைப்போலவே பல ஜன்னல்களைத் திறந்து, இழுத்து, சிறிதாக்கி, மேலே மெனுப் பட்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஐபேட்டை முழு மேக் கம்ப்யூட்டராக அது இன்னும் மாற்றவில்லை.

சாம்சங் கம்பெனி 'டெக்ஸ்' என்ற வசதியை 2017-ல் போனில் தொடங்கிப் பிறகு தன் உயர்ந்த ரக டேப்லெட்டுகளிலும் வைத்தது. ஒரு பொத்தானைத் தொட்டால் டேப்லெட் திரை கம்ப்யூட்டர் திரை மாதிரி மாறும். வேண்டாம் என்றால் பழையபடி எளிமை. கூகுளும் தன் ஆண்ட்ராய்டையும், லேப்டாப்புக்கான குரோம் ஓ.எஸ்.ஸையும் இணைக்கப்போவதாக 2025-ல் கூறியது.

முதலில் எளிமையாகத் திறக்க வேண்டும். தேவைப்படுகிறவனுக்கு மட்டும் உள்ளே இன்னொரு கதவு இருக்க வேண்டும். வழக்கு இந்தத் தீர்ப்பை நோக்கித்தான் போகிறது என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டு கதவும் உள்ள டேப்லெட்டின் விலை, கீபோர்டும் சேர்த்தால், நல்ல லேப்டாப் விலைக்கு மேல் போய்விடுகிறது.

நம்மவர்களுக்கு எது?

அமெரிக்காவில் இந்த வாதம் நடக்கும்போது, வாதாடுபவர் வீட்டில் பெரும்பாலும் கம்ப்யூட்டரும் இருக்கும், டேப்லெட்டும் இருக்கும். அவருக்கு இது ருசி பற்றிய வாதம். ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது பிழைப்பு பற்றிய வாதம்.

ரெயில்வே தேர்வு வாரியத்தின் குமாஸ்தா, டைப்பிஸ்ட் வேலைகளுக்கு டைப்பிங் தேர்வு உண்டு. நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 30 வார்த்தை அல்லது இந்தியில் 25 வார்த்தை. அதைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும். பிழை திருத்தும் வசதியும் கிடையாது. கண்ணாடித் திரையில் இரண்டு விரலால் தட்டிப் பழகிய பையன் அங்கே போய் உட்கார்ந்தால் விரல் விழிக்கும்.

இன்னொரு உதாரணம் 'டாலி'. கடைக்கணக்கு எழுதும் இந்தப் புரோகிராமும் பெங்களூர்க் கம்பெனி உண்டாக்கியதுதான். குமாஸ்தாக்கள் அதை மவுஸைத் தொடாமலே ஓட்டுவார்கள். எப்.5 தட்டினால் பணம் கொடுத்தது, எப்.6 தட்டினால் பணம் வந்தது, எப்.8 விற்பனை, எப்.9 கொள்முதல். கண் தாளில் இருக்கும், கை கீபோர்டில் இருக்கும். டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. சாதாரண டேப்லெட்டில் அதை நேராகப் போட்டு ஓட்ட முடியாது.

அதே நேரத்தில், ஊரில் தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கு லேப்டாப் எதற்கு? பேரனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். சீரியல் பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில் பேப்பர் படிக்க வேண்டும். டேப்லெட்தான் அவருக்குத் தெய்வம். ஆறாவது படிக்கும் சிறுவனுக்குப் பாடம் பார்க்கவும், படம் வரையவும், ஒப்பிக்கவும் அதுவே போதும். மார்க்கெட்டில் நின்றுகொண்டு கணக்குப் பதியும் வியாபாரிக்கும் அதுதான் வசதி.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்.

இதில் படிக்கப் போகிறோமா, எழுதப் போகிறோமா? படிப்பதும் பார்ப்பதும் என்றால் டேப்லெட். பக்கம் பக்கமாக எழுதுவதும் கணக்கும் என்றால் கீபோர்டு உள்ள கம்ப்யூட்டர்.

வேண்டிய புரோகிராமின் பெயர் என்ன? அந்தப் பெயரைச் சொல்லி, கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். 'ஓடும்' என்ற வாய்ச்சொல் போதாது.

எத்தனை ஆண்டுக்குக் கம்பெனி பாதுகாப்புத் திருத்தம் அனுப்பும்? மலிவான டேப்லெட்டுகள் சிலவற்றில் இது சீக்கிரம் நின்றுவிடும். பிறகு பணம் சம்பந்தப்பட்ட செயலிகளை அதில் வைத்துக்கொள்வது ஆபத்து.

எஸ்.பி. ரோட்டில் முடிவு

கடைக்காரர் மூன்றாவது முறையாக விலையைக் குறைத்துச் சொல்கிறார். அப்பா மகள் பக்கம் திரும்புகிறார்.

"உனக்குக் காலேஜ்ல என்னம்மா கேக்குறாங்க?"

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த டேப்லெட் அழகாகத்தான் இருக்கிறது. பிறகு மெதுவாகச் சொல்கிறாள்.

"டாலி சொல்லித் தராங்கப்பா. லேப்ல மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நான் கீபோர்டைத் தொடுறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிடுது."

கடைக்காரர் டேப்லெட்டை எடுத்து உள்ளே வைக்கிறார். "அப்ப இது வேணாம்ணே. இது வேற வேலைக்கு" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, மேல் தட்டிலிருந்து ஓர் பழைய லேப்டாப்பை இறக்குகிறார். ஏதோ ஆபீசில் ஓடியது. மூலையில் ஒரு கீறல். எடை அதிகம். பேட்டரி மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காது என்று அவரே சொல்கிறார். விலை 17 ஆயிரம். ஆறு மாத உத்தரவாதம் பில்லில் எழுதித் தருகிறார்.

"டாலியைப் போட்டுக் காட்டு தம்பி" என்கிறார் அப்பா.

திரை தெளிகிறது. மகள் நின்றபடியே எப்.5 தட்டுகிறாள். ஒரு பக்கம் திறக்கிறது. என்ன நடந்தது என்று அப்பாவுக்குப் புரியவில்லை. ஆனால் மகளின் விரல்கள் தேடாமல் போய் விழுந்ததை அவர் பார்த்தார். பட்டறையில் புதுப் பையன் லேத் பிடியைச் சரியாகப் பிடித்துவிட்டால் அவருக்கு எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது.

பையிலிருந்து பணத்தை எடுத்து, எச்சில் தொட்டு, இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

"மிச்சம் மூவாயிரம் இருக்குப்பா" என்றாள் மகள்.

"பஸ்ஸுக்குப் போக மிச்சத்தை ஊருக்கு அனுப்பணும். ஆத்தா ரொம்ப நாளா உன் மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு கேக்குது. அடுத்த போனஸுக்கு அதுக்கு அந்தச் சிலேட்டு வாங்கிக் குடுத்துடலாம்" என்றார் அப்பா.